ஷெர்ரி டர்க்கிள் கட்சி மாறினாரா?

இணையமும் சமூகமும் பற்றிய ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கும் யாருக்கும் முதல் பத்துப் பெயர்களுக்குள் ஷெர்ரி டர்க்கிள் என்ற பெயர் வந்துவிடும். வந்த கையோடு ஒரு கதையும் கூடவே வரும். 1995-இல் ‘லைஃப் ஆன் தி ஸ்க்ரீன்’ புத்தகத்தில் இணையத்தைக் கொண்டாடினார். 1996 ஏப்ரலில் ‘வயர்ட்’ இதழ் அவரை அட்டையில் போட்டது. 2011-இல் ‘அலோன் டுகெதர்’ எழுதி அதே இணையத்தை எச்சரித்தார். மறு வருஷம் டெட் மேடையில், இந்தப் புத்தகத்துக்காக வயர்ட் என்னை அட்டையில் போடப்போவதில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஆக, கட்சி மாறிவிட்டார். சிலர் இதைப் பாராட்டாகச் சொல்வார்கள், பட்டுத் தெளிந்தார் என்று. சிலர் ஏளனமாகச் சொல்வார்கள், வயசானா எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க என்று.

எனக்கு இந்தக் கதை மேல ரொம்ப நாளா சந்தேகம். புத்தகங்களை வெளிவந்த வரிசையில் படித்தால் வேறொரு படம் கிடைக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

டர்க்கிள் 1948-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், பெரிய வசதி இல்லாத ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். உதவித்தொகையில் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். படிக்கும்போதே அம்மா இறந்துபோக, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பாரிஸ் போனார். அங்கே வீடு துடைக்கும் வேலைகூடச் செய்திருக்கிறார். 1968 மே மாத மாணவர் கிளர்ச்சியின் சூடு அடங்காத நேரம் அது. பிறகு திரும்பிவந்து படிப்பை முடித்து, சமூகவியலும் ஆளுமை உளவியலும் சேர்ந்த துறையில் ஹார்வர்டில் 1976-இல் முனைவர் பட்டம் வாங்கினார்.

ஆய்வுத் தலைப்புக்கும் கணினிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பல காலம் ஃப்ராய்டை அண்டவிடாத பிரான்ஸ், 1968-க்குப் பிறகு திடீரென்று ஏன் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது? அதில் ழாக் லக்கான் என்ற உளப்பகுப்பாய்வாளரின் பங்கு என்ன? இதுதான் கேள்வி. 1978-இல் அவருடைய முதல் புத்தகமாக வந்ததும் இதுவே. அதாவது, மனசைப் பற்றிய ஒரு கோட்பாடு வல்லுநர்களின் அறையிலிருந்து எப்படித் தெருவுக்கு இறங்கி வருகிறது என்பது. ஃப்ராய்டை ஒரு பக்கம்கூடப் படிக்காதவர்கள் ‘அது ஆழ்மனசுல இருந்திருக்கும்’னு சொல்றாங்க இல்லையா, அந்த மாதிரி.

இந்தக் கேள்வியோடு 1976-இல் எம்.ஐ.டி.-யில் வேலைக்குச் சேர்ந்தார். (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லைங்க, மாசசூசெட்ஸில் இருப்பது.) சேர்ந்த புதிதில் நடந்ததாக அவர் பல இடங்களில் சொல்லும் ஒரு வகுப்பறைச் சம்பவம் உண்டு. வாய் தவறி வரும் சொற்களைப் பற்றி ஃப்ராய்ட் எழுதியதைப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். ஃப்ராய்ட் தரும் உதாரணம்: ஒரு நாடாளுமன்றத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கிவைக்க எழுந்து, ‘கூட்டம் முடிந்தது’ என்று அறிவித்துவிடுகிறார். அவர் மனசுக்குள் கூட்டமே வேண்டாம் என்ற ஆசை இருந்திருக்கிறது என்பது ஃப்ராய்டின் விளக்கம். ஒரு கணினி அறிவியல் மாணவி கையைத் தூக்கி இதை மறுக்கிறார். அகராதியில் ‘திறப்பு’க்கும் ‘மூடல்’க்கும் நடுவே பல பக்கங்கள் தூரம். ஆனால் கணினியில் ‘மூடல்’ என்பதை ‘கழித்தல் திறப்பு’ என்று குறித்து வைக்கலாம். நடுவே ஒரே ஒரு குறிதான் வித்தியாசம். மின்சாரத்தில் சின்ன ஏற்றத்தாழ்வு வந்து அந்தக் குறி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஆசையும் இல்லை, கீசையும் இல்லை.

டர்க்கிள் பாரிஸில் பார்த்தது இங்கேயும் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஃப்ராய்டின் இடத்தில் கணினி, அவ்வளவுதான். மாணவர்கள் தங்கள் பிரச்சினைகளை ‘டீபக்’ பண்ணுவதாகப் பேசினார்கள். கணினி நமக்காக என்னென்ன வேலை செய்யும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, அது நம்மை நாமே நினைக்கும் விதத்தை என்ன செய்கிறது என்று அவர் கேட்க ஆரம்பித்தார். ‘மண்டை ஹேங் ஆயிடுச்சு’, ‘இன்னும் ப்ராசஸ் ஆகல’ என்று இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வதைக் கேட்டால் அந்தக் கேள்வியின் பொருள் சட்டென்று புரியும்.

அதே ஆண்டுகளில் எம்.ஐ.டி.-யில் ஜோசப் வைசன்பாம் இருந்தார். 1966-இல் ‘எலைசா’ என்ற உரையாடல் நிரலை வெளியிட்டவர். அது உளவியல் ஆலோசகர் போல நடிக்கும். உள்ளே பெரிய மர்மம் ஒன்றுமில்லை: நாம் தட்டச்சு செய்யும் வரியில் சில சொற்களைத் தேடும், வரியைத் திருப்பிப் போடும். ‘எனக்கு அம்மா மேல கோபம்’ என்றால் ‘உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்’ என்கிற மாதிரி ஏதாவது வரும். அந்த நிரல் உருவாவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த வைசன்பாமின் செயலாளரே, அதனோடு பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், ‘நீங்க கொஞ்சம் வெளியே இருக்கீங்களா’ என்று அவரை அறையை விட்டுப் போகச் சொன்னார். வைசன்பாம் ஆடிப்போனார். 1976-இல் கணினிக்கு எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார்.

டர்க்கிள் வைசன்பாமோடு சேர்ந்து பாடம் நடத்தியவர். ஆனால் இருவரும் ஒரே காட்சியில் வேறு வேறு விஷயத்தைப் பார்த்தார்கள். மக்கள் ஏமாறுகிறார்கள் என்பது வைசன்பாமின் கவலை. டர்க்கிள் பார்த்த மாணவர்களோ துளியும் ஏமாறவில்லை. அதற்கு ஒன்றும் புரியாது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் மனசைத் திறந்து பேசினார்கள். இன்னும் மேலே போய், எலைசா அசடு வழியாமல் இருக்க, அதற்கு வசதியான மாதிரி தங்கள் வரிகளையே மாற்றி எழுதினார்கள். ஏமாறுவது ஒன்று, ஏமாற்று வேலைக்குக் கூடவே நின்று கைகொடுப்பது இன்னொன்று. என் வாசிப்பில் டர்க்கிளின் மொத்த ஆய்வு வாழ்க்கைக்கும் விதை இந்த இடம்தான்.

1984-இல் ‘தி செகண்ட் செல்ஃப்’ வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது குழந்தைகளும் மெர்லினும். மெர்லின் என்பது அப்போது அமெரிக்காவில் பிரபலமான கையடக்க மின்னணு விளையாட்டுக் கருவி. கட்டத்தில் பெருக்கல் குறியும் வட்டமும் போடும் ஆட்டத்தை ஆடும். பெரும்பாலும் பிழையில்லாமல் ஆடும், நடுநடுவே தவறும். அதனால் ஒருமுறை ஜெயித்த தந்திரம் மறுமுறை பலிக்காது. கடற்கரையில் ஒரு சிறுவன் கடுப்பாகி ‘இது ஏமாத்துது’ என்று கத்துகிறான். உடனே கூட இருந்த பிள்ளைகளுக்குள் வாக்குவாதம். ஏமாற்றுவதென்றால் ஏமாற்றுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா? மெர்லினுக்கு அது தெரியுமா? தெரிந்தால் அதற்கு உயிர் உண்டா?

இது ஏன் முக்கியம்? பியாஜே ஆராய்ந்த காலத்துக் குழந்தைகள் உயிர் உண்டா இல்லையா என்பதை அசைவை வைத்து முடிவு செய்தார்கள்: தானாக நகர்ந்தால் உயிர் உண்டு. மெர்லின் நகரவே நகராது. எனவே இந்தப் பிள்ளைகள் அசைவை விட்டுவிட்டு மனசுக்குள் போனார்கள்: அதற்குத் தெரியுமா, யோசிக்குமா, வேணும்னே செய்யுதா? பேசிப் பேசி அவர்கள் வந்து நின்ற இடமும் சுவாரசியமானது. யோசிப்பதை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். உணர்ச்சியை மட்டும் மனிதர்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். இந்த எல்லைக்கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எம்.ஐ.டி. அவரை ஒன்றும் கொண்டாடிவிடவில்லை. நிரந்தரப் பணி முதலில் மறுக்கப்பட்டு, போராடித்தான் பெற்றார். குழந்தைகளும் கணினியும் என்ற துறையின் முன்னோடியான சீமோர் பேப்பர்ட் அப்போது அவருடைய கணவர். ஸ்டீவ் ஜாப்ஸ் எம்.ஐ.டி.-க்கு வந்தபோது ஆண்களெல்லாம் அவரோடு கல்வி பற்றி விவாதிக்க, டர்க்கிள் வீட்டில் சைவச் சமையல் செய்துகொண்டிருந்தார். வந்த ஜாப்ஸ், இது தான் சாப்பிடும் வகைச் சைவம் இல்லை என்று சொல்லிவிட்டாராம். தன் நினைவுக்குறிப்பில் டர்க்கிள் இதைச் சொல்லும் தொனியில் சிரிப்பும் இருக்கிறது, எரிச்சலும் இருக்கிறது. எரிச்சல்தான் கொஞ்சம் தூக்கலோ என்று எனக்குத் தோன்றியது.

இப்போது அந்தக் ‘கொண்டாட்ட’ புத்தகத்துக்கு வருவோம். 1990-களின் முதல் பாதியில் ‘மட்’ என்ற எழுத்து உலகங்கள் இருந்தன. படம் கிடையாது, ஒலி கிடையாது. ‘நீ ஒரு வரவேற்பறையில் நிற்கிறாய்’ என்று திரையில் எழுத்து வரும். நீங்கள் பதில் எழுதுவீர்கள். மறுமுனையில் எங்கோ ஒருவர் இன்னொரு வேஷத்தில் எழுதுவார். 1990-இல் தொடங்கிய லாம்ப்டாமூ இவற்றில் பேர்போனது. ஒரு கல்லூரி மாணவர் மூன்று மட்களில் வெவ்வேறு பாத்திரங்களாக இருந்துகொண்டு, நான்காவது சாளரத்தில் வீட்டுப்பாடமும் செய்துகொண்டிருந்தார். நிஜ வாழ்க்கையும் தனக்கு இன்னொரு சாளரம்தான், அதுவும் அவ்வளவு நல்ல சாளரம் இல்லை என்று அவர் டர்க்கிளிடம் சொன்னது அந்தக் காலத்தில் எல்லோராலும் மேற்கோள் காட்டப்பட்டது.

டர்க்கிளின் வாதம்: ஒருவருக்குள் பல முகங்கள் இருக்கின்றன. கூச்சப்படுபவர் துணிச்சலாக இருந்து பார்க்கலாம், ஆண் பெண்ணாகப் பேசிப் பார்க்கலாம். பதின்ம வயதுக்கு ஒத்திகை பார்க்க ஓர் இடம் வேண்டும், அது இங்கே கிடைக்கிறது. கொண்டாட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே புத்தகத்தில் இதயக்கோளாறும் மனச்சோர்வும் உள்ள ஒரு மாணவரும் வருகிறார். மட்டில் காதல், நிச்சயதார்த்தம் என்று பெரிய வாழ்க்கை வாழ்ந்தும், திரையை அணைத்தால் முன்பைவிட மோசமாக உணர்கிறார். உள்ளே கிடைத்ததை வெளியே கொண்டுவர முடிந்தவர்களுக்கு மட் உதவியது, முடியாதவர்களை அது இன்னும் அழுத்தியது என்று டர்க்கிள் 1995-லேயே பிரித்துக் காட்டுகிறார். அவருடைய நம்பிக்கை ஒரு நிபந்தனையோடு வந்த நம்பிக்கை. போய்விட்டுத் திரும்பி வரவேண்டும்.

மட்டுக்குப் போக ஒரு மேசை முன் உட்கார வேண்டியிருந்தது. தொலைபேசி இணைப்பில் மோடம் கிறீச்சிட வேண்டியிருந்தது. எழுந்தால் வெளியே வந்துவிடலாம். 1996 வாக்கில் எம்.ஐ.டி. ஊடகக்கூடத்தில் சில மாணவர்கள் முதுகுப்பையில் கணினி, கண்முன்னே சின்னத் திரை என்று எந்நேரமும் இணைப்பில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தங்களை ‘சைபார்க்’ என்று அழைத்துக்கொண்டார்கள். வேடிக்கை மனிதர்களாகத்தான் அவர்களைப் பார்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் முதுகுப்பை சட்டைப்பைக்குள் அடங்கி, எல்லோரும் அவர்களாகிவிட்டார்கள். திரும்பி வருவது என்ற நிபந்தனையே அர்த்தமிழந்துவிட்டது. ‘அலோன் டுகெதர்’ சொல்வதில் பாதி இதுதான். அளவுகோல் அதே அளவுகோல், பொருள் மாறிவிட்டது.

இதற்காக அவர் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கைபேசி விஷயத்தில் அவருடைய ஆதாரம் பலவீனம் என்றே நினைக்கிறேன். நேர்காணல் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர், மருத்துவ உளவியல் பயிற்சியும் உண்டு. ஆனால் கைபேசியைப் பற்றி வருந்துபவர்களிடம் பேசினால் வருத்தம்தான் கிடைக்கும். 2015-இல் வந்த ‘ரீக்ளெய்மிங் கான்வர்சேஷன்’, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் பரிவுணர்வு 1979-க்குப் பிறகான முப்பது ஆண்டுகளில் 40 சதவீதம் குறைந்தது என்ற சாரா கொன்ராத் குழுவின் ஆய்வில் சாய்ந்து நிற்கிறது. அதே கொன்ராத் 2023-இல் கூடுதல் தரவுகளோடு மறுபடி பார்த்தபோது, 2008-க்குப் பிறகு பரிவு மீண்டும் ஏறியிருப்பது தெரிந்தது. திறன்பேசி ஊரெங்கும் பரவிய காலம் அது!

கீத் ஹாம்ப்டன் இன்னொரு வழியில் போனார். வில்லியம் வைட் குழுவினர் பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நகரங்களின் பொது இடங்களில் எடுத்த படச்சுருள்கள் இருந்தன. ஹாம்ப்டன் அதே மாதிரி இடங்களில் மறுபடி படம் எடுத்து ஒப்பிட்டார். கைபேசியில் தலைகவிழ்ந்தவர்கள் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. தனியாக இருந்தவர்களின் பங்கும் கூடவில்லை. டனா பாய்ட் 2014-இல், பதின்ம வயதினர் திரைக்குள் போவது நண்பர்களைத் தேடித்தான், வெளியே சுற்ற விடாமல் அடைத்து வைத்தது பெரியவர்கள் என்று எழுதினார். இதற்கெல்லாம் டர்க்கிளிடம் திருப்தியான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் என்னன்னா, ‘அலோன் டுகெதர்’ பற்றிய சண்டை மொத்தமும் புத்தகத்தின் இரண்டாம் பாதியில்தான் நடந்தது. முதல் பாதி முழுக்க ரோபோக்களைப் பற்றியது. அதை அன்றைக்குப் பலர் தாண்டிப் போய்விட்டார்கள். பொம்மை ரோபோ, கிழவர்களுக்கு ரோபோ சீல் குட்டி, இதெல்லாம் 2011-இல் யாருக்கு வேணும்?

மெர்லின் காலத்துக் குழந்தைகள் போட்ட கோடு ஞாபகம் இருக்கிறதா? யோசிப்பு இயந்திரத்துக்கு, உணர்ச்சி மனிதருக்கு. 1997-இல் அமெரிக்காவுக்குத் தமகோச்சி வந்தது. அது யோசிக்கும் பொம்மை இல்லை, பசிக்கும் பொம்மை. சாப்பாடு கொடு, சுத்தம் செய், இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்றது. மறு வருஷம் ஃபர்பி, அப்புறம் சோனியின் ஐபோ நாய்க்குட்டி. குழந்தைகள் இப்போது ‘அதுக்குத் தெரியுமா’ என்று வாதாடவில்லை. ‘அதுக்கு நான் வேணும்’ என்றார்கள். 2001-இல் எம்.ஐ.டி.-யில் தொழில்நுட்பமும் சுயமும் பற்றி ஆராய ஒரு மையம் தொடங்கிய டர்க்கிள், இந்த மாற்றத்தை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார். நாம் எதைப் பராமரிக்கிறோமோ அதன் மேல் பற்று வைக்கிறோம். இயந்திரத்துக்கு அறிவு கூடத் தேவையில்லை, நம்மிடம் ஒரு கை நீட்டினால் போதும்.

2005 நவம்பரில் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டார்வின் கண்காட்சி. வாசல் பக்கத்தில் கலாபகஸ் தீவின் நிஜ ஆமைகள். டர்க்கிளின் 14 வயது மகள் அசையாமல் கிடந்த ஆமையைப் பார்த்துவிட்டு, இதுக்கு ஒரு ரோபோ வெச்சிருக்கலாமே என்றாள். வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகளில் பலரும் அதையே சொன்னார்கள்: சும்மா கிடக்கத்தானே போகுது, அதுக்கு எதுக்கு உயிருள்ள ஆமை?

எனக்கு மறக்காத பக்கங்கள் முதியோர் இல்லத்தில் நடப்பவை. ஜப்பானில் செய்த ‘பாரோ’ என்ற சீல் குட்டி ரோபோ. வெள்ளை ரோமம், பெரிய கண்கள், தடவினால் சிணுங்கும். மகனோடு உறவு முறிந்துபோன 72 வயதுப் பெண்மணி ஒருவர் அதை மடியில் வைத்துத் தடவியபடி, நீ சோகமா இருக்கேல்ல என்று ஆறுதல் சொல்கிறார். சொல்லும்போது அவர் முகம் தெளிகிறது. ஆறுதல் சொல்வதன் வழியாகத் தனக்கே ஆறுதல் தேடிக்கொள்கிறார். சுற்றி நிற்பவர்களுக்குச் சந்தோஷம், சோதனை வெற்றி. டர்க்கிளுக்கு மட்டும் நெஞ்சு அடைக்கிறது. அந்த அறையில் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்மணி தன் மகனைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு, அது என்னவென்று உணரக்கூடிய எல்லோரும் ஓர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்கள். எதுவுமே உணராத ஒன்று மடியில் இருக்கிறது.

எதிர்வாதம் சுலபம்: யாருமே இல்லாததற்கு இதுவாவது இருக்கட்டுமே? டர்க்கிளிடம் பேசியவர்களும் அங்கேதான் தொடங்கினார்கள். ஆனால் பேச்சு அங்கே நிற்கவில்லை என்பதை அவர் குறித்து வைக்கிறார். ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று தொடங்கி, கொஞ்ச நேரத்தில் மனிதர்களைவிட இது மேல், இது விட்டுட்டுப் போகாது, கோபப்படாது என்று முடித்தார்கள். இதைப் படிக்கும்போது, இரவு இரண்டு மணிக்கு அரட்டை நிரலிடம் காதல் தோல்வியைக் கொட்டும் இன்றைய இளைஞர் ஞாபகத்துக்கு வராமல் போனால்தான் ஆச்சரியம். வைசன்பாமின் செயலாளரிடம் இருந்ததும் அந்த இளைஞரிடம் இருப்பதும் ஒரே அறிவுதான்: இது வெறும் நிரல் என்று தெரியும். தெரிவது காப்பாற்றாது என்பதை டர்க்கிள் 1970-களிலேயே பார்த்துவிட்டார். இப்போது இதற்கு ‘செயற்கை நெருக்கம்’ என்று பெயர் வைத்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

அவருடைய நினைவுக்குறிப்பு ‘தி எம்பதி டைரீஸ்’ 2021-இல் வந்தது. அதில் ஒரு விஷயம். சிறு வயதிலேயே பிரிந்துபோன, பெயரைக்கூட வெளியே சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட தந்தையை, வளர்ந்த பிறகு தேடிக் கண்டுபிடிக்கிறார். கைக்குழந்தையாக இருந்த தன்மேல் அவர் உளவியல் சோதனைகள் செய்தார் என்பது தெரியவருகிறது. குழந்தை அழுதாலும் முகம் கொடுக்காமல் இருந்து பார்ப்பது. அம்மா அவரை விட்டு வந்ததற்குக் காரணமும் அதுதான். பரிவைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதியவருக்கு இப்படி ஒரு பிள்ளைப்பருவம் என்று விமர்சகர்கள் முடிச்சுப் போட்டார்கள். எனக்கு அந்த மாதிரி முடிச்சுகளில் நம்பிக்கை குறைவு. டர்க்கிளே இந்த உண்மையை அறிந்தபோது ஆய்வில் வெகுதூரம் வந்திருந்தார். அவரைப் புரிந்துகொள்ள அந்த வகுப்பறையும் எலைசாவும் கடற்கரைப் பிள்ளைகளும் போதும்.

படிக்க நினைப்பவர்களுக்கு: ‘தி செகண்ட் செல்ஃப்’-இல் குழந்தைகள் பற்றிய அத்தியாயங்களில் தொடங்குங்கள். ‘லைஃப் ஆன் தி ஸ்க்ரீன்’-இல் மட் பற்றிய பகுதி போதும், மற்றது காலாவதி. ‘அலோன் டுகெதர்’ கையில் கிடைத்தால் முதல் பாதியை நிதானமாகப் படியுங்கள். இரண்டாம் பாதியைப் படிக்கும்போது பக்கத்தில் டனா பாய்ட் புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.